ஆங்கில ஸ்பெல்லிங்கில் ஒலிக்காத எழுத்துகள்: ஒழுங்கு ஏதாவது உண்டா, உருப்போட வேண்டியதுதானா?

குறில்நெடில்:
கத்தி என்ற பொருளில் வரும் நைஃப், முழங்காலைச் சொல்லும் நீ, அறிதலைச் சொல்லும் நோ. மூன்றும் கே-யில் தொடங்குகின்றன, மூன்றிலும் அந்த கே-யைச் சொல்வதில்லை. ஆட்டுக்குட்டிக்கு லேம், கட்டைவிரலுக்கு தம், இரண்டின் கடைசியிலும் ஒரு பி. கடனுக்கு டெட், அதன் நடுவிலும் ஒரு பி. யாரைக் கேட்டாலும் "அது சைலன்ட் லெட்டர், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று முடித்துவிடுகிறார்கள். சொல்லாத எழுத்தை எழுதுவானேன்? இதற்குப் பின்னால் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா?

பதில் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழில் எழுதினால் இரண்டு பி-யும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் சும்மா பி என்றால் பந்தைக் குறிக்கும் பால் பி. மற்றதைப் பென் பி என்று சொல்லிவிடலாம். சும்மா டி என்றால் டேபிள் டி. மற்றது டாக் டி.

அரைத்தூக்கம்:
ஒழுங்காவது ஒன்றாவது. ஆங்கிலேயர்களே உருப்போட்டுத்தான் எழுதுகிறார்கள். அதனால்தான் அவர்கள் பள்ளிகளில் ஸ்பெல்லிங் போட்டி வைக்கிறார்கள்.

பழையபேனா:
உருப்போடுவது ஒரு பங்கு உண்மை. ஆனால் குறில்நெடில் கேட்ட மூன்றுக்கும் மூன்று வேறு பதில்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் "சைலன்ட்" என்று ஒரே பெயரை ஒட்டியதால்தான் ஒழுங்கே இல்லாததுபோலத் தெரிகிறது.

முதலில் கே. பழைய ஆங்கிலத்தில் அதை உச்சரித்தார்கள். கத்தி க்னீஃப், போர்வீரனைக் குறிக்கும் நைட் அப்போது க்னிஹ்ட். 17ஆம் நூற்றாண்டு வாக்கில் பேச்சில் அந்த கே உதிரத் தொடங்கியது. அதற்குள் அச்சு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார்; அடுத்த இருநூறு ஆண்டுகளில் ஸ்பெல்லிங் இறுகிக்கொண்டே போனது, வாய் தன்பாட்டுக்கு மாறிக்கொண்டே போனது. ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மனில் முழங்காலை இன்றும் கே-யோடு சேர்த்து "க்னீ" என்றுதான் சொல்கிறார்கள்.

இரவைக் குறிக்கும் நைட்டில் ஜி-எச் வருவதும் இதே கதை. தொண்டையில் உரசி வரும் ஓர் ஒலி அங்கே இருந்தது. "அஃது" என்பதில் ஆய்தத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் ஏறக்குறைய அதுதான். ஸ்காட்லாந்துப் பேச்சில் "நிஹ்ட்" என்று இன்னும் அதைக் கேட்கலாம். மற்ற இடங்களில் அந்த ஒலி சில சொற்களில் ஓசையில்லாமல் போனது. லாஃப், கஃப், இனஃப் போன்றவற்றில் ஃப் ஆகிவிட்டது. இந்த இரண்டில் எது எந்தச் சொல்லுக்கு என்பதற்கு விதி சொல்ல முடியாது, அதை உருப்போடத்தான் வேண்டும்.

அடுத்து லேம். அதில் பி ஒருகாலத்தில் ஒலித்தது, பிறகு போனது. ஆனால் தம் அப்படியில்லை. பழைய ஆங்கிலத்தில் அது தூமா, பி-யே கிடையாது. துணுக்கைக் குறிக்கும் கிரம், கைகாலைக் குறிக்கும் லிம் இரண்டும் இப்படித்தான். லேம், ஊமையைக் குறிக்கும் டம், ஏறுதலைக் குறிக்கும் கிளைம் எல்லாம் பி-யில் முடிகின்றனவே என்று இவற்றுக்கும் ஒட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டைப் பார்த்துத் தன் வீட்டுக்கும் திண்ணை கட்டிய மாதிரி.

மூன்றாவது டெட். இது தனி ரகம். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி இல்லை. இடைக்கால ஆங்கிலத்தில் டெட்ட என்றுதான் எழுதினார்கள். லத்தீன் படித்தவர்கள், மூலம் "டெபிட்டும்" என்ற லத்தீன் சொல் அல்லவா என்று ஒரு பி-யைச் செருகினார்கள். சந்தேகத்தைக் குறிக்கும் டவுட்டில் பி வந்ததும் இப்படியே. ரிசீட்டில் பென் பி-யும் அப்படி வந்ததுதான். வேடிக்கை என்னவென்றால் அதே குடும்பத்தில் பிறந்த டிசீட், கன்சீட் இரண்டுக்கும் அது ஒட்டவில்லை. சொல்லைக் கொடுத்த பிரெஞ்சிலும் கடனுக்கான சொல்லில் இன்று பி இல்லை.

குறில்நெடில்:
அப்படியானால் டெட்டில் வரும் பி ஆங்கிலத்தில் எப்போதுமே ஒலித்ததில்லையா?

பழையபேனா:
பொதுப் பேச்சில் இல்லை. ஒலிக்க வேண்டும் என்று அடம்பிடித்த பண்டிதர்கள் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஷேக்ஸ்பியர் அவர்களைக் கிண்டல் செய்திருக்கிறார். "லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்" நாடகத்தில் ஹாலஃபர்னீஸ் என்றொரு வாத்தியார், டவுட், டெட் இரண்டையும் பி இல்லாமல் சொல்பவர்களைப் பற்றி அங்கலாய்ப்பார். பார்வையாளர்கள் சிரிப்பதற்காக எழுதிய பாத்திரம் அது. பி புதிதாக வந்து உட்கார்ந்த காலத்திலேயே அது கேலிக்குரிய விஷயம்தான்.

தூக்கணாங்குருவி:
தப்பான மூலத்தைப் பார்த்துச் செருகியவையும் உண்டு, எனக்குப் பிடித்தவை அவைதான். தீவைக் குறிக்கும் ஐலண்ட் சுத்தமான பழைய ஆங்கிலச் சொல். அதற்கும் லத்தீனுக்கும் சம்பந்தம் இல்லை. பிரெஞ்சு வழியாக வந்த ஐல் என்ற சொல்லைப் பார்த்து, இதுவும் அதன் சொந்தம்தான் போல என்று எஸ் போட்டார்கள். கத்தரிக்கோலுக்கு சிஸர்ஸ், அதில் எஸ்-ஸுக்குப் பின்னால் ஒரு சி. அதுவும் வெட்டுதல் என்ற லத்தீன் வினையோடு முடிச்சுப்போட்டதால் வந்தது. டிலைட்டில் ஜி-எச் வந்தது ஒளியைக் குறிக்கும் லைட்டைப் பார்த்து. ஃபாரினில் ஜி வந்தது ஆட்சியைக் குறிக்கும் ரெயினைப் பார்த்து.

குட் என்ற துணைவினையில் எல் இருக்கிறதே, அதற்கு எந்த உரிமையும் இல்லை. வுட், ஷுட் இரண்டும் வில், ஷல் என்பவற்றின் இறந்தகாலம். அவற்றில் எல் இருப்பது நியாயம். குட் என்பது கேன் என்பதன் இறந்தகாலம். கேனில் எல் எங்கே இருக்கிறது?

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது டார்மிகன். பனிப்பிரதேசத்துப் பறவை. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிச் சொல், டி-யில்தான் தொடங்கும். யாரோ அதை கிரேக்கச் சொல் என்று நினைத்து முன்னால் பென் பி போட்டுவிட்டார்கள், இன்றுவரை அது அங்கேயே இருக்கிறது.

நடைவண்டி:
சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்குத் தேர்வு எழுதுகிறவனுக்கு இதனால் என்ன லாபம்? டெபிட்டும் தெரிந்தவன்தான் டெட்டைச் சரியாக எழுதுவான் என்றால் முதலில் லத்தீன் படிக்க வேண்டும். வரலாறு தெரிந்தவர்களுக்குக் கதை சொல்ல உதவும், அவ்வளவுதான்.

மெய்யெழுத்து:
நடைவண்டிக்கு: லத்தீன் வேண்டாம், டெபிட் கார்டு தெரிந்தால் போதும். அதில் பி காதில் விழுகிறதே!

வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். எழுத்து ஒலிக்கவில்லையா, அதே குடும்பத்தில் அது ஒலிக்கிற இன்னொரு சொல்லைத் தேடு. சைனில் ஜி தூங்குகிறது, சிக்னேச்சரில் எழுந்துவிடுகிறது. ஆட்டமில் கடைசி என் தூங்குகிறது, ஆட்டம்னலில் எழுகிறது. கண்டெம் – கண்டெம்னேஷன், துதிப்பாடலைக் குறிக்கும் ஹிம் – ஹிம்னல், பாம் – பம்பார்ட், மஸில் – மஸ்குலர், ரிசைன் – ரெசிக்னேஷன். சாஃப்டில் டி ஒலிக்கிறது, சாஃபனில் ஒலிப்பதில்லை. ரிசீட்டுக்கு ரிசெப்ஷன். இப்படி ஜோடி ஜோடியாகப் படித்தால் பிள்ளைகளுக்கு எழுத்து விட்டுப்போவதில்லை. பொருளும் கூடவே வந்துவிடுகிறது.

இரண்டு என்பதற்கான டூ-வில் டபிள்யூ ஏன் என்று கேட்பார்கள். ட்வின், ட்வைஸ், ட்வெல்வ், ட்வென்டி, பிட்வீன். எல்லாமே இரண்டின் சொந்தக்காரர்கள், எல்லாவற்றிலும் டபிள்யூ ஒலிக்கிறது. கூட்டத்தில் ஊமையானது டூ மட்டும்தான்.

நடைவண்டி:
சரி, ஜோடி கிடைக்கிற சொற்களுக்கு ஒப்புக்கொள்கிறேன். நைஃபுக்கு என்ன ஜோடி?

மெய்யெழுத்து:
நைஃபுக்குக் கிடையாது. நோ-வுக்கு உண்டு: அக்னாலெட்ஜ். அதில் கே நன்றாகவே கேட்கிறது. அது ஏன் கேட்கிறது என்பதில்தான் உண்மையான விதி இருக்கிறது. க்ன், க்ன்-ஐ ஒத்த ஜி-என், ப்ஸ், ப்ட், ப்ன், ம்ன் ஆகிய கூட்டுகளை ஆங்கிலேயர் வாய் சொல்லின் தொடக்கத்தில் ஏற்காது. நடுவில் வந்தால் ஏற்கும், ஏனென்றால் அங்கே கூட்டு இரண்டாகப் பிரிந்து முன்னசையில் ஒன்றும் பின்னசையில் ஒன்றும் போய்விடும்.

கிரேக்கச் சொற்களை வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். ஹெலிகாப்டர் என்பது ஹெலிகோ, ப்டெர் என்ற இரண்டு சேர்ந்தது. சுருள், இறக்கை. அந்த ப்டெர்தான், அழிந்துபோன பறக்கும் விலங்கான டெரடாக்டிலின் தொடக்கத்திலும் இருக்கிறது. ஹெலிகாப்டரில் பென் பி ஒலிக்கிறது, டெரடாக்டிலில் ஒலிப்பதில்லை. ஒரே துண்டு, இடம்தான் வேறு. நினைவாற்றல் சம்பந்தப்பட்ட நெமானிக்கில் முதல் எம் ஊமை; அதே வேர் அம்னீசியாவில் வரும்போது எம் பேசுகிறது. நாஸ்டிக், அக்னாஸ்டிக் இரண்டிலும் ஜி-யைக் கவனியுங்கள். அதேதான்.

ஆக சைக்காலஜி, நியுமோனியா, முடிச்சைக் குறிக்கும் நாட், கொறிப்பதைக் குறிக்கும் நா, நைஃப் எல்லாவற்றுக்கும் ஒரே விதி. இவற்றை இருபது சொற்களாக உருப்போட வேண்டியதில்லை.

பழையபேனா:
மெய்யெழுத்து, இதைத்தான் சொல்ல வந்தேன், முந்திக்கொண்டீர்கள். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மொழிமுதல் எழுத்து என்று நாமும் இலக்கணத்தில் படித்தோம். சொல்லின் முதலில் மெய் தனித்து வராது. அதனால் வெளியிலிருந்து வந்த சொல்லுக்கு முன்னால் ஓர் உயிரைச் சேர்த்து, இஸ்கூல் என்று வாயை ஏமாற்றிக்கொண்டோம். ஆங்கிலத்துக்கும் அதே சங்கடம்தான், அவர்கள் எடுத்த வழி வேறு. ஓர் ஒலியை விழுங்கிவிட்டு எழுத்தை மட்டும் தாளில் வைத்துக்கொண்டார்கள்.

குறில்நெடில்:
இப்போது புரிகிறது. அப்படியானால் கடைசியில் வரும் இ? பைட், ஹோப், நேம். அதுவும் வாய் ஏற்காமல் உதிர்ந்ததா?

மெய்யெழுத்து:
அதை ஊமை என்று சொல்வதே எனக்குப் பிடிக்காது, அது வேலை செய்கிற எழுத்து. இ இல்லாவிட்டால் பிட், ஹாப். இ வந்தால் பைட், ஹோப். நம் கொம்பும் காலும் தனியாக ஒலிக்கின்றனவா? பக்கத்து எழுத்தின் உயிரை மாற்றுகின்றன. அதைச் சைலன்ட் என்று யாரும் சொல்வதில்லை.

தொடக்கத்தில் அது ஒலித்தது என்பது உண்மை. இடைக்கால ஆங்கிலத்தில் நேம் என்பது நாம, இரண்டு அசை. கடைசி உயிர் உதிர்ந்த பிறகும் முன்னால் இருந்த நெடில் நின்றது. அப்புறம் இந்த இ-யை நெடிலுக்கான அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கு வேறு வேலைகளும் உண்டு. டான்ஸில் சி-யை ஸ் ஆக்குவது அதுதான், லார்ஜில் ஜி-யை ஜ் ஆக்குவதும் அதுதான். கிவ், ஹேவ், லவ் ஆகியவற்றில் உயிர் குறில்தான், இருந்தாலும் இ இருக்கிறது. ஆங்கிலச் சொல்லை வி-யில் முடிக்கும் வழக்கம் இல்லை என்பதால். கைடு, கெஸ், கிடாரில் வரும் யு-வும் இதே சாதி. அது இல்லாவிட்டால் அடுத்து வரும் ஐ-யோ இ-யோ ஜி-யின் ஒலியை மாற்றிவிடும்.

பொடிநடை:
இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். என் கேள்வி வேறு. ஆஃபனா, ஆஃப்டனா? அலுவலகத்தில் டி-யோடு சொன்னவரை ஒருவர் எல்லார் முன்னாலும் திருத்தினார், பாவமாக இருந்தது.

பழையபேனா:
திருத்தியவர்தான் அவசரப்பட்டுவிட்டார். நல்ல அகராதிகள் இரண்டையும் தருகின்றன. டி பழைய காலத்தில் ஒலித்தது, பிறகு லிசன், காசில், விசில் கூட்டத்தோடு சேர்ந்து உதிர்ந்தது. எழுத்துப் பார்த்துப் படிக்கிறவர்கள் பெருகியதும் திரும்ப வந்துவிட்டது.

ஒலி போய் எழுத்து மட்டும் நிற்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எழுத்து ஒலியைத் திரும்ப இழுத்துவருவதும் நடக்கிறது. குற்றத்தைக் குறிக்கும் ஃபால்ட்டில் எல் கிடையாது, பிரெஞ்சிலிருந்து வந்தபோது ஃபோட் மாதிரி ஒரு சொல். டெட்டில் பி செருகிய அதே பண்டிதர்கள் இதில் எல் செருகினார்கள். பி வாய்க்கு வரவில்லை, எல் வந்துவிட்டது. பெர்ஃபெக்டில் சி-யும் அட்வென்ச்சரில் டாக் டி-யும் இப்படி நுழைந்து பேச்சில் நிலைத்தவைதான். அந்த டாக் டி-யைச் சொல்லாமல் விட்டால் இன்று உங்களைத்தான் திருத்துவார்கள்.

எச் கதை இன்னும் குழப்பம். ஹாஸ்பிடல், ஹம்பிள் இரண்டும் பிரெஞ்சு வழியாக எச் ஒலிக்காமல் வந்தவை, பிற்பாடு ஒலி பெற்றன. மணிநேரத்தைக் குறிக்கும் அவர், ஆனெஸ்ட், வாரிசைக் குறிக்கும் ஏர் ஆகியவை அப்படியே நின்றுவிட்டன. மூலிகையைக் குறிக்கும் சொல்லை இங்கிலாந்தில் ஹெர்ப் என்கிறார்கள், அமெரிக்காவில் அர்ப்.

அரைத்தூக்கம்:
இவ்வளவு பஞ்சாயத்துக்குப் பதில், ஒலிக்காததையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டால் என்ன? யாருக்கும் தோன்றவில்லையா?

தூக்கணாங்குருவி:
பலருக்குத் தோன்றியது. நோவா வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதிக்காரர் நாக்கைக் குறிக்கும் டங்-கை டி-யு-என்-ஜி என்று எழுதலாம் என்றார். யாரும் கேட்கவில்லை. கலர், ஆனர் ஆகியவற்றில் யு-வை எடுத்தது போன்ற சில மாற்றங்கள் அமெரிக்காவில் நிலைத்தன. அவருடைய பெரிய அகராதி 1828இல் வந்தது.

1906இல் ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் ஒரு ஸ்பெல்லிங் சீர்திருத்த வாரியம் அமைந்தது. அவர்கள் 300 சொற்களின் பட்டியல் போட்டார்கள். தோ, த்ரூ ஆகியவற்றில் ஜி-எச்சை எடுத்துவிட்டார்கள். அதிபர் தியோடர் ரூசவெல்ட் அந்த ஆண்டே அரசு அச்சகத்துக்கு அந்தப் பட்டியலைப் பின்பற்றச் சொல்லி உத்தரவு போட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன, காங்கிரஸ் எதிர்த்தது, ஆண்டு முடிவதற்குள் அவரே பின்வாங்கினார். அதிபராலேயே முடியவில்லை, அரைத்தூக்கத்தால் முடியுமா?

பழையபேனா:
முடியாததற்குப் பிடிவாதம் மட்டும் காரணமில்லை. வெட்டினால் யார் வாயை வைத்து வெட்டுவது? காரைக் குறிக்கும் சொல்லில் ஆர் ஒலிக்கிறதா? அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஒலிக்கிறது. இங்கிலாந்தின் தெற்கே "கா" என்கிறார்கள், ஆர் இல்லை. ஹார்ட், பர்ட், ஃபாதர் எல்லாவற்றிலும் அங்கே ஆர் ஊமைதான். எண்ணிக்கையில் பார்த்தால் கே, ஜி, பி எல்லாம் அதன் கால்தூசி பெறாது. ஆனால் யாரும் ஆர்-ஐச் சைலன்ட் லெட்டர் பட்டியலில் சேர்ப்பதில்லை.

அப்புறம் கண்ணுக்கு இந்த எழுத்துகள் உதவுகின்றன. இரவும் போர்வீரனும் காதில் ஒன்று, தாளில் வேறு. ஹோல் என்றால் முழுமையா, ஓட்டையா? எழுதினால் குழப்பமில்லை. முழுமையில் டபிள்யூ-வைப் பின்னால்தான் சேர்த்தார்கள். ஹீல், ஹெல்த் ஆகிய சொந்தங்களில் அது இல்லை பாருங்கள்.

ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்லை இது. பிரெஞ்சில் சொல்லின் கடைசி மெய்கள் பெரும்பாலும் ஒலிப்பதில்லை, ஆனால் அது ஓர் ஒழுங்கோடு நடக்கிறது. தாய்லாந்து மொழியில் வடமொழிச் சொற்களின் எழுத்துகளை விடாமல் எழுதி, ஒலிக்காத எழுத்தின் தலையில் ஒரு சிறு குறி போட்டுவிடுகிறார்கள். திங்கட்கிழமையைச் சொல்லும் சொல்லில் "சந்த்ர்" என்று எழுதியிருக்கும், வாயில் வருவது சன் மட்டும். அந்தக் குறி ஆங்கிலத்தில் இருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

அரைத்தூக்கம்:
வாசனையைக் குறிக்கும் சென்டில் எஸ்-ஸும் இருக்கிறது, சி-யும் இருக்கிறது. எது சைலன்ட்? இதற்குப் பதில் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

தூக்கணாங்குருவி:
சி. 17ஆம் நூற்றாண்டு வரைக்கும் எஸ்-இ-என்-டி என்றுதான் எழுதினார்கள். சென்ஸ், சென்டிமென்ட் எல்லாம் அதன் உறவு, அவற்றில் எஸ்-ஸுக்குப் பின்னால் சி கிடையாது.

அரைத்தூக்கம்:
ஒப்புக்கொண்டேன்.

பொடிநடை:
பிளம்பர் விஷயத்தையும் தீர்த்துவிடுங்கள். பி ஒலிக்காது என்கிறார்கள், ஆனால் தமிழில் எல்லாரும் பிளம்பர் என்றுதான் எழுதுகிறோம், சொல்கிறோம்.

மெய்யெழுத்து:
ஆங்கிலத்தில் பிளம்மர்தான். லத்தீனில் ஈயத்துக்கு பிளம்பம். ஈயத்தின் வேதிக் குறியீடு பென் பி-யும் சின்ன பி-யுமாக இருப்பது அதனால்தான். ஈயக் குழாய் வேலை செய்தவர் பிளம்பர். பிள்ளைகளிடம் அந்தக் குறியீட்டைச் சொல்லிவிட்டால் ஸ்பெல்லிங் மறக்காது. ஆனால் தமிழிலும் பிளம்மர் என்று எழுதப் பழகுவது நல்லது என்பது என் கருத்து, இல்லாவிட்டால் ஆங்கிலம் பேசும்போதும் பி வந்துவிடுகிறது.

நடைவண்டி:
இதில் நான் எதிர்க்கட்சி. அந்தச் சொல் நம்மிடம் தாளிலிருந்து வந்தது, எழுத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டோம். இப்போது அது தமிழில் புழங்கும் சொல். பிளம்மர் வரச்சொல்லுங்கள் என்றால் யார் வருவார் என்று எதிரில் இருப்பவர் முழிப்பார். ஆங்கிலம் பேசும்போது பி-யை விடுங்கள், தமிழில் பேசும்போது வையுங்கள்.

பழையபேனா:
நடைவண்டி பக்கம்தான் நானும். ஆங்கிலேயர்கள் ஃபால்ட்டுக்கு எல் சேர்த்துச் சொல்லப் பழகிக்கொள்ளலாம் என்றால், பிளம்பருக்கு நாம் பி-யை வைத்துக்கொள்ளக் கூடாதா?

மெய்யெழுத்து:
வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ரிசீட்டைத் தமிழில் ரசீது என்கிறோமே என்று அதையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ரசீது பாரசீகத்திலிருந்து வந்த வேறு சொல். ஒலி ஒத்துப்போவது தற்செயல்.